ராசிக் கட்டத்தைச் சுற்றி நின்ற ள

எண்பதுகளின் கடைசியில், மதுரையில் என் பூஜைச் சாமான் கடையின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. என் மனைவியின் தம்பி கொண்டுவந்து வைத்தது. அதில் தமிழில் ஜாதகம் வரவைத்து ஜோசியர்களுக்கு விற்கப்போவதாகச் சொன்னான். தைப்பூசத்துக்குள் ஒரு ஜோசியராவது வாங்க வேண்டும், இல்லையென்றால் அவனியாபுரத்தில் அவன் பெரியப்பாவின் லேத் பட்டறைக்குப் போய்விட வேண்டும் என்பது என் மாமனாரின் உத்தரவு.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. திரையில் எழுத்தைக் காட்டுகிற கார்டுக்கு நாமே எழுத்துகளை வரைந்து கொடுக்க வேண்டுமாம். நான் எட்டாவது வரை படித்தவன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. கட்டம் போட்ட தாளில் குறுக்கே எட்டு, நெடுக்கே பதினாலு. எந்தக் கட்டங்களைக் கறுப்பாக்கினால் எழுத்து வரும் என்று பார்க்க வேண்டும். விபூதி பூசிக்கொண்டுதான் உட்காருவேன். ண-வுக்கு மட்டும் நாலு நாள் ஆனது.

எல்லாவற்றையும் ஏற்றியதும் ‘முருகா’ என்று அடித்தான். வந்தது. திரைக்குச் சூடம் காட்டினேன்.

மார்கழியில் எழுமலையிலிருந்து ஒரு ஜோசியர் வந்தார். தான் கையால் கணித்ததோடு ஒத்துப்பார்க்கத் தன் பேரனின் பிறந்த நேரத்தைச் சொன்னார். மச்சினன் தட்டினான். கிரகங்கள் சரியாகவே வந்தன. ஆனால் ராசிக் கட்டத்துக்குக் கோடு இல்லை. கோடு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ளளளளள என்றும் நெடுக்கே ஞ ஞ ஞ என்றும் நின்றன.

ஜோசியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏம்ப்பா, சனிக்கு இம்புட்டுக் காவலா?”

மச்சினனுக்கு அப்போதுதான் புரிந்தது. கார்டில் இருநூற்று ஐம்பத்தாறு உருவங்களுக்குத்தான் இடம். முதல் பாதி இங்கிலீஷ். மறுபாதியில் இருந்த கோடுகளின் மேல்தான் எங்கள் தமிழை ஏற்றியிருந்தோம். கட்டத்தை முன்பே தனியாகப் பார்த்தோம், தமிழைத் தனியாகப் பார்த்தோம். சேர்த்துப் பார்க்கவில்லை.

“கோட்டுக்கு மூணு எடம் வேணும் மச்சான், குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு, மூலைக்கு ஒண்ணு. மூணு எழுத்தத் தூக்கணும்.”

“எழுத்தத் தூக்குறதா? சரஸ்வதிடா மாப்ள.”

“அப்ப நான் பட்டறைக்குப் போறேன்.”

ஜோசியர் என் தாள்களை வாங்கிப் புரட்டினார். வேண்டாததை விட்டுவிடலாம் என்று மச்சினன் முதலிலேயே சொல்லியிருந்தான். நான்தான் கேட்காமல் அரிச்சுவடி வரிசையில் ஒன்று விடாமல் வரைந்திருந்தேன்.

“ஙு, ஙூ, ஞூ,” என்று விரல் வைத்துக் காட்டினார். “எங்க பக்கம் இதுல எவனுக்கும் பேரு வைக்கல. நீங்க மதுரையில வச்சிருக்கீகளா?”

இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த மூன்று இடத்திலும் கோடுகளை வரைந்து கொடுத்தேன். மச்சினன் அவற்றை வைத்தே கட்டம் வரும்படி மாற்றினான். சனி கட்டத்துக்குள் அடங்கினார். ஜோசியர் இரண்டு தடவை ஒத்துப்பார்த்தார்.

“பொங்கல் கழிச்சு எழுமலைக்குக் கொண்டாந்து மாட்டிவிடுங்க.”

மச்சினன் மாமனாரிடம் சொல்ல ஓடினான். நான் கோயிலுக்குப் போய், மூன்று எழுத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு ஒரு அர்ச்சனைக்குக் கொடுத்தேன். யார் பேருக்கு என்று அர்ச்சகர் கேட்டார்.

மச்சினன் பேரைச் சொன்னேன்.