எந்தத் தோட்டத்துக் காய்?

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மகாராணி, தன் நிழலையே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிற பிறவி. பூசாரி திருநீறை ஒரு சிட்டிகை கூடக் கொடுத்துவிட்டால், இன்றைக்கு இவருக்கு என்ன காரியம் ஆகணும் என்று யோசிப்பாள். கடைக்கு வந்தவர் பேரம் பேசாமல் வாங்கிப்போனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

சும்மா வந்த குணமில்லை அது. புருஷன் மலைச்சாமி ஜீப்பு ஓட்டுகிறவர். மலைக்கு ஆளேற்றிப் போய்த் திரும்பும்போது சின்னத் தோட்டக்காரர்களிடம் ஏலக்காய் வாங்கி வருவார். இவள் அதைச் சலித்து, தரம் பிரித்து, கல்யாணச் சமையல்காரர்களுக்கு விற்பாள். கடை அப்படித்தான் முளைத்தது. ஒரு சமயம் அருமையான காய் தருகிற ஆள் ஒருவர் கிடைத்த பெருமையில் மலைச்சாமி டீக்கடையில் வாயை விட்டுவிட்டார். அடுத்த காய் எடுப்புக்குள் பெரிய வியாபாரி ஒருவர் அந்தத் தோட்டக்காரரை வளைத்துக்கொண்டு போய்விட்டார். மகாராணி கடை வாசலில் உட்கார்ந்து ஊர் பார்க்க அழுதாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் நம்பவில்லை, கட்டின புருஷன் உட்பட.

பிற்பாடு கிடைத்தவர்தான் பூப்பாறைக்கு மேலே சின்னத் தோட்டம் வைத்திருக்கும் காசிராஜன். அவர் காயை உரித்தால் கை கழுவின பிறகும் மணக்கும். கடைக்கு இருக்கிற பெயரெல்லாம் அந்தக் காயால் வந்தது. காயை ஏலம் விடும் இடத்தில் பெரிய கைகளோடு மல்லுக்கு நின்று வாங்க இவளுக்குத் தெம்பு கிடையாது. காசிராஜன் கைவிட்டால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். அதனால் அவர் பெயர் வெளியே தெரியாது. அவர் மூட்டை ஜீப்பிலிருந்து இறங்கும்போது மறைப்புக்கு மேலே ஒரு வாழைத்தார் கிடக்கும்.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் மகள் முத்துப்பிரியா இணையத்தில் பிளாக் எழுத வந்தாள். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள், கடைக்கும் ஏதாவது செய்யலாமே என்று நினைத்தாள்.

"வாரம் ஒண்ணு எழுதணும்மா. விட்டுவிட்டு எழுதினா ஆளு வரமாட்டாங்க. காயை எப்படி வச்சிருக்கணும், பாயசத்துல எப்பப் போடணும், நம்ம காய் எங்கருந்து வருது..."

"கடைசியாச் சொன்னியே, அத மட்டும் வெட்டு."

"படமாச்சும் போடணும்ல?"

மகாராணி ரொம்ப நேரம் யோசித்தாள். "மூஞ்சி வேணாம். கை மட்டும் இருக்கட்டும். கையில ஊர்ப் பேரா எழுதியிருக்கு?"

பிரியா மலைக்குப் போய், காய் உலர்த்தும் ஸ்டோரில் காசிராஜன் தட்டில் காயைப் புரட்டுவதைப் படம் எடுத்து வந்தாள். மனுஷன் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு நின்றாராம். கை மட்டும் போதும் பெரியப்பா என்றதும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டாராம். பிரியா இதைச் சொன்னபோது மகாராணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெருவிரலில் கத்தி பட்ட தழும்பு தெரிகிறதே, அதை வைத்து எவனாவது கண்டுபிடித்துவிடுவானோ என்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரியா வாரம் தவறாமல் எழுதினாள். கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பார்சல் கேட்டார்கள். "காயைப் பாக்காம, மோந்து பாக்காம காசு போடுறாளுகளே, நல்ல குடும்பத்துப் பொம்பளைகதானா?" என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

ஒருநாள் பதிவுக்கு அடியில் பெயர் போடாத ஆள் ஒருவர் எழுதியிருந்தார்: "இது எந்தத் தோட்டத்துக் காய்?" பிரியா பதில் போடவில்லை. அடுத்த வாரம் அதே ஆள், அதே கேள்வி. அதற்கடுத்த வாரமும்.

மகாராணி கடை வாசலுக்கு வந்து எதிரே பார்த்தாள். எதிர்க்கடை லிங்கேஸ்வரன்தான், வேறு யார்? எந்நேரமும் குனிந்த தலை நிமிராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

"என்ன லிங்கேசு, போன்ல ரொம்பச் சோலியோ?"

"மாட்டுவண்டிப் பந்தயம்க்கா. பாக்குறீங்களா?" என்று அவன் போனை நீட்டினான். பார்த்தாள். மாடுகள்தான் ஓடின. நான் வருவதைப் பார்த்து மாற்றிவிட்டான், கள்ளன், என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"பிரியா, பதில் போடு. வண்டன்மேட்டுப் பக்கம் பெரிய தோட்டத்துல எடுக்குறோம்னு. அந்தக் கைப் படத்துக்குக் கீழயும் அதையே எழுது. போய்த் தேடிச் சாகட்டும்."

"பொய்யாம்மா எழுதச் சொல்ற?"

"யாவாரத்துல என்னடி பொய்யி? எழுது வெரசா."

பிரியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினாள். பெயரில்லாத ஆள் அதற்குப் பிறகு வரவில்லை. தொலைந்தது சனியன் என்று மகாராணி அன்றைக்கு எதிர்க்கடைக்கே டீ வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த எடுப்புக்கு மலைச்சாமியின் ஜீப்பு வெறுமனே வந்தது. "காய் இல்லன்னுட்டார். வேற எதுவும் பேசல" என்றார். லிங்கேஸ்வரன் வளைத்துவிட்டான் என்றே மகாராணி நினைத்தாள். மறுநாள் காலையிலேயே ஜீப்பில் ஏறி, மலையுச்சி மெட்டு தாண்டி, பூப்பாறைக்கு மேலே போய் இறங்கினாள்.

காசிராஜன் ஸ்டோர் வாசலில் இருந்தார். கோபமாகத் தெரியவில்லை. பக்கத்தில் போனும் கையுமாக அவர் மகள் நிலா.

"எவன்ணே வந்தான்? லிங்கேஸ்வரனா? என்ன வெலை சொன்னான்?"

"ஒருத்தரும் வரல தாயி. காயை ஏலத்துக்கு அனுப்பிட்டேன்."

"என்ன கொறை வச்சேன் நான்?"

காசிராஜன் மகளைப் பார்த்தார். நிலா போனை நீட்டினாள். தட்டின் மேல் அந்தக் கை. கீழே வண்டன்மேடு என்று எழுதியிருந்தது.

"வாராவாரம் இவ எனக்கு வாசிச்சுக் காட்டுவா. ஒரு வாட்டியாச்சும் எம்பேரு வரும்னு பாத்தேன். வரல. நீதாம்ப்பா காய்க்குச் சொந்தக்காரரு, ஒம்பேரைச் சொல்றாங்களான்னு பாப்போம்னு இவதான் பேரு போடாம கேட்டு எழுதினா." அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கை என்னோடது தாயி. ஊரு எவனோடதோ."

மகாராணி போனை நிலா பக்கம் தள்ளினாள்.

"ஏலத்துல மட்டும் பேரா சொல்றாங்க? அங்க மூட்டைக்கு வெறும் நம்பருதான்ணே."

"நம்பருதான். ஆனா இன்னொருத்தன் பேரு இல்லல்ல."

டீ கொடுத்தார்கள், குடித்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

இறங்கி வந்ததும் வராததுமாகப் பிரியாவை உட்காரவைத்து, பூப்பாறை காசிராஜன், அவர் தோட்டம், அவர் காய் மணக்கிற மணம், தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். எதிர்க்கடைக்காரன் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும் என்றாள். அதை அவள் வாயிலிருந்து கேட்ட மலைச்சாமி, உடம்புக்கு முடியவில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காசிராஜன் காய் வரவில்லை; ஏலத்தில் பெரிய கைகள் விட்ட காயை வைத்துக் கடை ஏதோ நடக்கிறது. பழைய சமையல்காரர்கள் மோந்து பார்த்துவிட்டுக் காயைத் திரும்பத் தட்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினதும் மகாராணி வீட்டிலிருக்கும் மகளுக்குப் போன் போடுவாள்.

"யாரும் எழுதியிருக்காங்களா?"

"திருச்சிக்காரங்க வெலை கேட்டிருக்காங்கம்மா."

"அது கெடக்கட்டும். அந்தப் பேரு போடாத ஆளு?"

"இல்லம்மா."

"சரி, மத்தியானம் ஒருவாட்டி பாரு" என்று வைத்துவிடுவாள்.