பெருங்களத்தூர் நீச்சல் குளமும் என் சிக்கனமும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் நீச்சல் குளம் இருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில் பெருங்களத்தூரில் வீடு வாங்கியவர்களுக்கு அதெல்லாம் சேர்ந்தே வந்தது. பில்டர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த மனையைத் தோண்டப் போய்விட்டார். நான் சங்கச் செயலாளர் என்பதால் தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி, குளம் எல்லாம் என் தலையில் விழுந்தன.

மூன்றடி ஆழம். முதல் ஆறு மாதம் காகங்கள்தான் குளித்தன. பிறகு என் மனைவிக்கு மூட்டு வலி வந்தது. இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் படிக்குப் படி சுவரைப் பிடித்து நிற்பாள். தினமும் அரைமணி நேரம் தண்ணீருக்குள் நடக்கும்படி தாம்பரத்து டாக்டர் சொன்னார். சுடிதாரோடு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். இரண்டே மாதத்தில், காய்கறிப் பையோடு சுவரைத் தொடாமல் ஏறி வந்து, கதவைத் திறந்த என்னைப் பார்த்து மூச்சு வாங்கியபடி சிரித்தாள். அதன் பிறகு அந்தக் குளத்தை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்தது.

ஞாயிறு காலைகளில் நானே வாக்குவம் போட்டேன். நீண்ட கம்பின் நுனியில் சக்கரம் வைத்த தட்டு ஒன்று, அதிலிருந்து பாம்பு போல ஒரு குழாய். குழாய் முழுக்கத் தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் மறுமுனையைக் குளத்துச் சுவரில் மோட்டார் உறிஞ்சும் துளையில் சொருக வேண்டும். இல்லையென்றால் மோட்டார் காற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா உறுமும். தட்டை மிக மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் அடியில் படிந்த அழுக்கெல்லாம் எழுந்துவிடும். எலெக்ட்ரிக் டிரெயினில் முழங்கையால் இடித்து ஏறியே இருபது வருடம் வேலைக்குப் போனவன் நான். மெதுவாக என்பது எனக்கு வராத கலை. முதல் மாடி பால்கனியிலிருந்து சங்கப் பொருளாளர் காபி குடித்தபடி, "சார், அந்த மூலைல ஒரு இலை" என்பார். புதிதாகக் கார் வாங்கி அதை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தவர். காகங்கள் குளத்தில் குளித்துவிட்டு அவர் கார் மீதுதான் போய் உட்காரும்.

வாக்குவம் உறிஞ்சும் அழுக்கு, மோட்டார் அறையில் மணல் நிரப்பிய பெரிய டிரம்முக்குப் போகும். அதுதான் ஃபில்டர். மணல் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் திருப்பி அனுப்பும். டிரம் மேலிருக்கும் அழுத்த மீட்டரின் முள் ஏறினால் மணல் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்; கைப்பிடியைத் திருப்பி 'பேக்வாஷ்' விட வேண்டும். தண்ணீர் தலைகீழாக ஓடி, மணலைக் கழுவி, அழுக்கோடு சாக்கடைக்குப் போகும்.

சாக்கடைக்கு! கோடையில் லாரித் தண்ணீர் வர அரைநாள் தாமதமானால் குடத்தோடு கீழே நிற்கும் ஜனங்கள் நாங்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கும், துணி அலசிய தண்ணீரைக் கழிவறைக்கும் ஊற்றிப் பழகிய குடும்பங்கள். அவர்கள் கண் முன்னால் மூன்று நிமிடம் தண்ணீர் சாக்கடையில் கொட்டுவதைப் பார்க்க எனக்கே வயிறு எரிந்தது. பொருளாளர் வேறு, "லாரித் தண்ணிய இப்படி விடறீங்களே சார்" என்று மென்மையாகக் கேட்டார்.

யோசித்தேன். கழிவுக் குழாயில் ஒரு ஹோஸை மாட்டி, மறுமுனையில் மனைவியின் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துக் கட்டி, தண்ணீரை மறுபடியும் குளத்துக்கே விட்டேன். ஒரு சொட்டு வீணில்லை. அடுத்த கூட்டத்தில் கை தட்டினார்கள். பொருளாளர்கூடத் தட்டினார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அதற்கப்புறம் குளம் பச்சையானது. முதலில் இளநீர் மட்டை நிறம், பிறகு கீரை மசியல். நான் விடுவேனா? தினமும் வாக்குவம், தினமும் பேக்வாஷ். சுத்தம் செய்யச் செய்ய மோசமானது. மனைவி தண்ணீரில் இறங்குவதை நிறுத்தினாள். மூன்றாவது வாரம், அவள் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்தேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பொருளாளர் கூட்டம் கூட்டினார். குளத்தை மண் போட்டு மூடி, கார் நிறுத்த இடமாக்கும் தீர்மானம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு.

புதன்கிழமை, தாம்பரத்திலிருந்து மோட்டார் மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தேன். அவர் பேக்வாஷ் போட்டுவிட்டு, ஹோஸைப் பார்வையாலேயே தொடர்ந்து குளம் வரைக்கும் போனார். புடவையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? வூட்ட பெருக்கி, குப்பைய வூட்டுக்குள்ளயே கொட்டிகினு கீறீங்க."

"துணி வடிகட்டுமே, பாய்?"

"மணலே புடிக்கிற தூசிய துணியா புடிக்கும்? வுடுங்க சார்."

ஹோஸைக் கழற்றினார். சாக்கடையில் தண்ணீர் கஷாயம் போல ஓடி, மெல்ல மெல்லத் தெளிந்தது. குளோரின் மருந்து போட்டு, மூன்று நாள் மோட்டாரை ஓடவிடச் சொன்னார். சனிக்கிழமை அவர் முன்னால் நான் வாக்குவம் தள்ளினேன், வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக. மாலையில் தரை ஓடு தெரிந்தது.

ஞாயிறு கூட்டம் குளக்கரையிலேயே நடந்தது. எனக்குள் ஒரு கள்ள யோசனை இருந்தது. எழுந்து, "பில்டர் குழாயைத் தப்பாப் போட்டிருக்கார்" என்றேன். பொருளாளர் உடனே, "அப்ப இது எப்ப வேணா மறுபடியும் கெடும். மூடிடறதுதான் நல்லது" என்றார். நிறையத் தலைகள் ஆடின. பின்வரிசையில் என் மனைவி மட்டும் ஆடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, பில்டர் சரியாத்தான் போட்டார். மாத்தினது நான்" என்றேன். ஹோஸையும் புடவையையும் ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பு அடங்க நேரமானது. கை தட்டியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

"சரி, குளம் இருக்கணும்கிறவங்க கை தூக்குங்க" என்றார் பொருளாளர்.

நான் தூக்கினேன். என் மனைவி எழுந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டியிருந்த நல்ல புடவையோடு படியிறங்கிக் குளத்துக்குள் போனாள். தண்ணீருக்கடியில் அவள் பாதம் எல்லோருக்கும் தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையைத் தூக்கினாள். அதன் பிறகுதான் கரையில் ஒவ்வொரு கையாக எழுந்தது.

பொருளாளர் எண்ணினார். வேண்டும் என்று பதினொன்று, வேண்டாம் என்று ஒன்பது. பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், வீட்டுக்கு ஒரு ஓட்டுதான்."

நான் கையை இறக்கிக்கொண்டேன். பத்துக்கு ஒன்பதில் குளம் பிழைத்தது. அவள் அதற்குள் தண்ணீருக்குள் அந்தக் கோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.