எடைக்கு ஒரு டின்

எங்கள் வீட்டு அம்மிக் குழவி இந்தப் பங்குனியில் தேவிகாபுரம் வரைக்கும் ஒரு சவாரி போய்விட்டு வந்தது. சைக்கிளில்!

சிரிக்காதீர்கள். அதைக் கூட்டிப்போனவன் நான்தான். வாராவாரம் இந்த இடத்தில் உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிற அதே ஆள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எனக்கு ஆரணியில் பட்டு வியாபாரம். நெசவுக்காரர்களுக்கு நூல் கொடுத்து, புடவையாகத் திரும்ப வாங்கி விற்கிறவன். எழுத்தெல்லாம் அதற்கப்புறம். போன வருஷம் வேலூரிலிருந்து சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் தன் சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் நான் விழுந்து எழுந்த கதையெல்லாம் பழைய வாசகர்களுக்கு அத்துப்படி. இப்போது விழுவதில்லை. அதாவது... அடிக்கடி விழுவதில்லை.

ஓட்டத் தெரிந்துவிட்டது. சரக்கை எங்கே வைப்பது? தோளில் மூட்டையாகப் போட்டால் முதுகுப் பக்கம் நழுவுகிறது. முன்னால் கைப்பிடியில் மாட்டினால் சக்கரத்துக்குள் போகிறது. பட்டு நூல் சக்கரக் கம்பியில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். ஒரு தடவை பார்த்துவிட்டேன், போதும்.

அப்போதுதான் சமையல் கட்டிலிருந்த சீமெண்ணெய் டின்கள் கண்ணில் பட்டன.

இன்றைக்கு எந்த வீட்டில் இல்லை சீமெண்ணெய் டின்? விளக்கில் எண்ணெய் தீர்ந்ததும் டின்னை யாராவது எறிகிறோமா? தண்ணீர் மொள்ள ஒன்று, தவிடு போட ஒன்று என்று ஆளாளுக்கு எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி டின்னில் துவரம் பருப்பும் புளியும் குடியிருந்தன. என் சம்சாரம் தனபாக்கியம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இரண்டையும் காலி செய்தேன்.

பருப்பைத் தரையில் கொட்டியதற்கு வாங்கிய வசவை இங்கே எழுதினால் ஆசிரியர் அச்சுப் போட மாட்டார். விடுங்கள்.

டின்களின் வாயை அகலமாக வெட்டினேன். வெட்டிய விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தட்டினேன் — தகர முனை பட்டால் பட்டு இழை அறுந்துபோகும். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வாசம் போகிற வரைக்கும் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். உள்ளே பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்தேன். டின்கள் வந்த மரப்பெட்டியையே உடைத்து, அந்தப் பலகையைப் பின் சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டை கொடுத்துப் பொருத்தினேன். பலகைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தறிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியாயிற்று.

ஏறி மிதித்தேன். டங்!

குதிகால் டின்னில் இடிக்கிறது. இந்த வண்டியில் இன்னொரு தொல்லை — சக்கரம் ஓடுகிற வரைக்கும் பெடலும் ஓயாமல் சுற்றும், பள்ளத்தில் இறங்கினாலும் காலை நிறுத்த முடியாது. டங், டங், டங் என்றே சேவூர் வரைக்கும் போனேன். அங்கே ஒரு அம்மாள் ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி எது என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, சைக்கிள் நின்றால்தானே!

டின்களை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிக் கட்டினேன். சத்தம் நின்றது. அடுத்த வம்பு ஆரம்பித்தது.

நெசவுக்கு நான் கொண்டுபோவது பாவு. புடவையின் நீளத்துக்கு ஓடுகிற நூல் மொத்தமும் ஒரே உருண்டையாகச் சுற்றியிருக்கும். அதைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு டின்னில் வைக்க முடியாது. ஆக, வலது டின்னில் பாவு. இடது டின் காலி. அப்படியே ஓட்டினால் சைக்கிள் கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஆள் மாதிரி வலது பக்கமாகவே போகிறது. இடது பக்கத்துக்கு எடை வேண்டும். கைக்கு அகப்பட்டது குழவி.

தேவிகாபுரம் போய்விட்டு வந்து இறங்கினால், வாசலிலேயே தனபாக்கியம்.

"இன்னாங்க, குழவி எங்க? காலைலேர்ந்து தொவையல் அரைக்கத் தேடிகினு கீறேன்!"

"சைக்கிள்ல இருக்கு."

"அது எதுக்கு அங்க ஏறிச்சு?"

"எடைக்கு."

"அம்மிய உட்டுட்டுப் போனீங்களே, அதுவரிக்கும் சந்தோசம். எந்த ஊருக்குப் போய்ட்டு வருது?"

"தேவிகாபுரம். உங்க அக்கா வூட்டுக்கு."

அக்கா என்றதும் குழவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இங்கே கொஞ்சம் குடும்ப விஷயம். தனபாக்கியத்தின் அக்கா கோவிந்தம்மாள். அவர் வீட்டுக்காரர் — என் சகலை — எனக்குப் புடவை நெய்து கொடுப்பவர். அக்காவும் தங்கையும் பேசி நாலைந்து வருஷம் ஆகிறது. காரணம்? எங்கள் பெண்ணுக்குக் காது குத்து வைத்தபோது, வேலை தலைக்குமேல் இருக்கிறதென்று, அந்தப் பக்கம் போன வண்டிக்காரரிடம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள் என் சம்சாரம். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. "வண்டிக்காரன் வாயால கூப்ட்டா நான் வந்துடணுமா?" என்றார் கோவிந்தம்மாள். வரவில்லை. அன்றைக்கு முடிந்தது.

இப்போது அந்த அக்காவின் ஒரே பெண் வள்ளிக்கு வைகாசியில் கல்யாணம். கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது தனபாக்கியம்தான். அக்கா கூப்பிடுவாளா, மாட்டாளா? வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் வேறு எதையும் யாரும் நினைக்கவில்லை. இந்தக் கல்யாணத்துக்கும் போகாவிட்டால் இனி இரண்டு வீடும் இரண்டு வீடுதான்.

அடுத்த முறை நான் கிளம்பும்போது இடது டின்னில், குழவி இருந்த இடத்தில், ஒரு துணி மூட்டை.

"கல்லத் தூக்கிகினு போறதுக்கு இந்த உளுந்த வெச்சிகினு போங்க. அவளுக்குன்னு ஒண்ணும் இல்ல. எடைக்கு."

தேவிகாபுரத்தில் மூட்டையை இறக்கினேன்.

"இது இன்னா தம்பி?" என்றார் கோவிந்தம்மாள்.

"உளுந்துக்கா. எடைக்கு."

உள்ளே எடுத்துப்போனார். நான் புடவையை வலது டின்னில் வைத்துவிட்டுத் திரும்பினால், இடது டின்னில் வறுத்த மல்லாட்டை — வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம் — விளிம்பு வரைக்கும் இருந்தது.

"காலியா போனா வண்டி சாயும் இல்ல? எடைக்கு வெச்சிகினு போங்க."

வீட்டில் தனபாக்கியம் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டாள். "அக்கா கை வறுவல்தான். கருகவே கருகாது" என்றாள். வெறும் 'அவ'ளாக இருந்த ஆள் 'அக்கா' ஆனதை நான் கவனித்தேன்.

அப்புறம் பாருங்கள் கூத்தை! இங்கிருந்து முறுக்கு போகும், அங்கிருந்து வெல்லம் வரும். மாங்காய் ஊறுகாய் போகும், புளி வரும். ஒரு தடவை இடது டின் கனம் தாங்காமல் சைக்கிள் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, பட்டு இருந்த வலது டின்னோடு நான் ஒரு கல்லைக் கட்டி ஓட்ட வேண்டியதாயிற்று. எடைக்கு எடை!

நான் யோசித்துப் பார்த்தேன். நம் ஆட்கள் பிரியத்தைச் சும்மா கொடுத்திருக்கிறார்களா என்றைக்காவது? "மீந்துபோச்சு, அதான் கொண்டாந்தேன்" என்பார்கள். "இப்டி ஒரு ஜோலியா வந்தேன்" என்பார்கள். சாக்கு இல்லாமல் ஒரு கிண்ணம் குழம்பு கூட அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு தகர டின் சாக்கு ஆயிற்று.

ஆனால் சாக்குக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

சித்திரையில் ஒரு நாள் கோவிந்தம்மாள் இடது டின்னில் ஒரு தட்டை வைத்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். "குடுத்துடுங்க தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. எனக்கு வந்த குஷியில் ஆரணி வரைக்கும் மிதித்ததே தெரியவில்லை.

தனபாக்கியம் டின்னுக்குள் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியும் போனது.

"டின்னுல அனுப்பிகிறாளா? தகர டின்னு வாயால கூப்ட்டா நான் போய்டணுமா?"

இதே பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறேனே! சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

"வள்ளி கல்யாணம்டி..." என்றேன்.

"தெரியாதா எனக்கு? போவணும்னு உயிரு அடிச்சிக்குது. ஆனா எப்டிங்க போவேன்? நாளைக்கு நாலு பேரு, 'டின்னப் பாத்துட்டு வந்தவ'ன்னு பேச மாட்டாங்களா? எடுத்துகினு போயி குடுத்துடுங்க."

ஆரணி ரோடு ஸ்டேஷன் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. தந்தி வந்துவிட்டது. நூற்றாண்டே முடியப் போகிறது. வெற்றிலை பாக்கு மட்டும் இன்னும் ஆள் கையில்தான் வர வேண்டியிருக்கிறது!

வைத்த வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவிகாபுரத்தில் கோவிந்தம்மாள் தன் தேங்காயைத் தானே டின்னில் பார்த்தார்.

"வேணாம்னுட்டாளா?"

"வேணாம்னு சொல்லலக்கா. டின்னு வாயால கூப்ட்டா வந்துடணுமான்னு..."

"அப்டியா சொன்னா?"

"ஆமாக்கா."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் வெளியே வரவே இல்லை. அன்றைக்கு எடைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சகலை கொடுத்த புடவையை வலது டின்னில் வைத்துக்கொண்டு, தெருமுனையில் ஒரு கல்லைப் பொறுக்கி இடது டின்னில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அந்தக் கல்லைப் பார்த்ததும் தனபாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். இரண்டு நாளைக்கு வீட்டுத் துவையலில் உப்பு இல்லை, எனக்குச் சொல்லவும் தைரியம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சகலை. பின்னாலிருந்து கோவிந்தம்மாள் இறங்கினார். கையில் தட்டு. புதுத் தேங்காய், வாடாத வெற்றிலை.

தனபாக்கியம் அம்மியை விட்டு எழுந்து, துவையல் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கோவிந்தம்மாள்தான் முதலில் பேசினார்.

"இவரு ஒத்த ஆளா வந்தா வண்டி ஒரு பக்கமா சாயுதாம். அதான்... எடைக்கு வந்தேன்."

தனபாக்கியம் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"எடைக்கு வர்ற ஒடம்பாக்கா இது? இப்டி எளச்சிப் போய்க்கீறியே! உள்ள வாக்கா. மொதல்ல சாப்டு."

துவையல் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் அழுததையும் சிரித்ததையும் எழுத எனக்குத் தெரியாது. நானும் சகலையும் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா அன்றைக்கு ஊர் திரும்பவில்லை. சாயங்காலம் சகலை ஒற்றை ஆளாகத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

தெருக்கோடியைத் தாண்டுகிற வரைக்கும் நின்று பார்த்தேன். வண்டி எந்தப் பக்கமும் சாயவில்லை!