ஏழாம் தொட்டியின் மண்

செடி வளர்க்கும் வேலையில் செடி செத்தால் பழி முதலில் தோட்டக்காரன் தலையில்தான் விழும். மாடத்தில் ஒரு ரோஜாவையாவது கொன்றிருக்கும் உங்களுக்கு இது புரியும். நான் வேலைக்குச் சேர்ந்தது பிராங்பேர்ட்டுக்கு வெளியே, அனுமதி பெற்ற ஒரு கஞ்சா வளர்ப்புச் சங்கத்தில். வீட்டில் தக்காளித் தோட்டம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

வளைந்த விரல்கள்

உரப் போத்தலில் போட்டிருந்த அளவு எனக்குப் போதாதென்று பட்டது. நம் வீடுகளில் விருந்தாளிக்குச் சோறு போடுகிற மாதிரி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி ஊற்றினேன். ஒரே கிழமையில் இலைகள் கரும்பச்சையாகி, நுனிகள் கீழே வளைந்து, எதையோ பிறாண்டப் போகும் விரல்கள்போல நின்றன. நான்கு செடிகள் போயின. தலைமைத் தோட்டக்காரி சுபா அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ இன்னும் புரோபட்சைட்டிலதான், சோதனைக் காலத்திலதான் நிக்கிறாய். இனி ஒரு செடி செத்தாலும் உன்னை வச்சிருக்க என்னால ஏலாது, தம்பி."

பேச்சுத் துணை

அதன்பிறகு சொட்டுச் சொட்டாக அளந்தேன். எல்லாம் தேறின, ஏழாம் தொட்டியைத் தவிர. அதன் இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். வடிந்த நீரைச் சோதித்தால் காரத்தன்மை எக்கச்சக்கம். கழுவி விட்டேன். திங்கட்கிழமை பார்த்தால் மறுபடி அதே கதை. எனக்கு என் கையிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

சங்கத்து உறுப்பினர்கள் ஏதாவது உதவி வேலை செய்ய வேண்டும். நாதன் அண்ணை சனிக்கிழமைகளில் கூட்டித் துடைக்க வருவார். போன வருடம் மனைவியை இழந்தவர். ஏழாம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று முணுமுணுப்பார். ஒருநாள் பாதியில் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, தலையாட்டிச் சிரித்தார். ஆரோடு கதைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீர் உம்மட வேலையைப் பாரும், தம்பி. அவ இப்பதான் கதைக்கத் தொடங்கியிருக்கிறா."

மூன்று பங்கு

மண்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ஏழாம் தொட்டிக்குப் புது மண் போட்டேன். பழையதை எறிய மனம் வரவில்லை. வெறுங்கையால் பிசைந்து, வேறு மூன்று தொட்டிகளுக்குப் பங்கு வைத்தேன். இரண்டு கிழமையில் மூன்றும் மஞ்சளாகின.

இடையில் வராதிருந்த நாதன் அண்ணை அந்தச் சனிக்கிழமை ஏழாம் தொட்டியின் மண்ணுக்குள் விரலை விட்டார். புது மண். முகம் வெளிறியது. பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்துக் காட்டினார். காலி. மனைவியின் சாம்பலை ஊரில் கடலில் கரைக்கக் கொண்டுபோனவர், ஒரு பிடியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். இங்கே அதை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் விடாது. கடைசி மாதங்களில் மனைவியைத் தூங்க வைத்தது இந்தச் செடிதான். அதனால் சனிக்கிழமைக்கு ஒரு கரண்டி சாம்பல் ஏழாம் தொட்டிக்கு. மண்ணில் ஏறிய காரம் அதுதான். எனக்கு என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்று தொட்டிகளையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றிலும் குனிந்து காதை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இதில எதுக்குள்ள அவ கூடுதலா இருக்கிறா?"

மண்ணை அவரிடம் கொடுத்துவிட்டு, செடிகள் மஞ்சளானது நான் மறுபடி உரத்தைக் கூட்டிப் போட்டதால்தான் என்று சுபா அக்காவிடம் பொய் சொல்லி வேலையை இழந்த நான், இப்போது உண்மையாகவே தக்காளி வளர்க்கிறேன். யாராவது தொட்டியோடு பேசினால், மண்ணைத் தொடுமுன் உள்ளே யார் என்று கேட்டுக்கொள்கிறேன்.