ஜெபம் என்ற பேரில் நான் சொன்னது

என் சாட்சியைக் கேக்க உக்காந்திருக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். இதுல மொதல்ல என் தப்புதான் வரும், அதுக்குப் பிறகுதான் ஆண்டவர் வருவாரு. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. இதுல வார பிள்ளையோட பேரை மாத்தி ரூபின்னு வச்சிருக்கேன். அவகிட்ட கேட்டு, அவ சரின்னு சொன்ன பிறகுதான் வாயைத் திறக்கேன். முந்தியே அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்னா இந்தச் சாட்சிக்கே வேலை இல்ல.

போன வருஷம் அக்டோபர் மாசம், ஒரு சனிக்கிழமை. கோவில்பட்டி பக்கம் நாங்க வேலை பாக்கிற தீப்பெட்டி ஆபீஸ். காலையில ஒம்பது மணி இருக்கும். நான் பெட்டியில குச்சி அடைச்சிட்டு இருக்கேன். பக்கத்துல ரூபி உக்காருத இடம் காலியாக் கெடக்கு. அப்ப அவ மாமியா வாசல்ல வந்து நின்னு தலையில அடிச்சு அழுதாவ.

"ஏ செல்வி, ரூபியைக் காணும்ட்டி! விடியக்காலம் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா. போனைக்கூட வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டா."

என் கையில இருந்த குச்சி எல்லாம் கீழ கொட்டிட்டு. போனை வச்சிட்டுப் போனா என்ன அர்த்தம்? என்னை யாரும் தேட வேண்டாம்னுதான அர்த்தம்? அவ ஏன் போனான்னு அங்கன இருந்த முப்பது பொம்பளையில எனக்குத்தான் நல்லாத் தெரியும்.

எங்க சபையில வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை பத்து வருஷமா நான்தான் நடத்திட்டு வந்தேன். மைக்கைப் பிடிச்சா ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டேன். "செல்வி அக்கா ஜெபம் பண்ணா நடக்கும்"னு சனம் பேசும். "எல்லாம் ஆண்டவரோட கிருபை"ன்னு வாயில சொல்லுவேன். உள்ளுக்குள்ள கருப்பட்டியைப் போட்ட மாதிரி இனிக்கும்.

ரூபி எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பிள்ளை. தாய் தகப்பன் கிடையாது. இருபத்தாறு வயசு, மூணு வயசுல ஒரு பொம்பளப் பிள்ளை ஜெனி. புருஷன் திருப்பூர்ல வேலை. ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் மத்தியானம், சோத்துவாளியைத் திறந்து வச்சிட்டு அவ சாப்பிடல. என்னட்டின்னு கேட்டேன். அப்பதான் சொன்னா, புருஷன் அங்கன வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துதானாம். அஞ்சு மாசமாப் பேச்சே இல்லையாம். "அத்தைக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா அவிய தாங்க மாட்டாவ. நீங்க மட்டும் ஜெபம் பண்ணுங்க, வெளிய சொல்லிராதீங்க"ன்னு என் கையைப் பிடிச்சா. நான் அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணாத குறை.

ரெண்டு மாசம் சொல்லாமத்தான் இருந்தேன். அவ காணாமப் போனதுக்கு மொத நாள் வெள்ளிக்கிழமை பாஸ்டர், "இன்னைக்கு ஆரம்ப ஜெபத்தை ரூபி பண்ணட்டும்"னுட்டாரு. அவ அஞ்சு நிமிஷம்தான் ஜெபிச்சா. மெதுவா, நம்ம வீட்டுல அப்பாகிட்ட பேசுத மாதிரி. பாதி சனம் கண்ணைத் துடைக்குது. எனக்குக் கண்ணீர் வரலை, வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. நேத்து வந்த சின்னப்பிள்ளை, பத்து வருஷமா நான் இருக்கிற இடத்துல நிக்கான்னு.

அடுத்து மைக் என் கைக்கு வந்துச்சு. எடுத்த எடுப்புல, "ஆண்டவரே, திருப்பூர்ல வேற ஒருத்தியோட வாழுத ரூபி புருஷனைத் திருப்பிக் கொண்டு வாரும்"னு கத்தினேன். மாமியா முன் வரிசையில உக்காந்திருக்காவ. வெளிய கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்ல தெரு முழுக்கக் கேட்டுச்சு. நான் கண்ணைத் திறந்து பாக்கையில ரூபி பிள்ளையத் தூக்கிட்டு வாசலைத் தாண்டிட்டா.

முடிஞ்ச பிறகு ஒரு அக்கா கேட்டாவ, "ஏன் செல்வி இப்படிப் பண்ண?"ன்னு. "ஜெபத்துலதான சொன்னேன், ஊருக்குள்ள போயா சொன்னேன்?"னு முறைச்சேன். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கவும் செஞ்சேன். பாவின்னா இப்படித்தான் இருப்பா.

மறுநாள் காலையில தீப்பெட்டி ஆபீஸ்ல எல்லாரும் என்னையச் சுத்தி நிக்காவ. "அக்கா, ஜெபம் பண்ணுங்க. நீங்க பண்ணா கிடைச்சிருவா." நானும் முழங்கால் போட்டேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. எத்தனை வசனம் தெரியும், எத்தனை அலங்கார வார்த்தை தெரியும், ஒண்ணும் வரலை. பிள்ளையோட தண்டவாளம், கிணறுன்னு என்னென்னமோ கண்ணுக்குள்ள வருது. கடைசியில வந்தது இதுதான்: "ஆண்டவரே, நான்தான். வேற யாரும் இல்ல, நான்தான்."

எந்திரிச்சு மாமியா முன்னால போய் எல்லாரும் கேக்கச் சொன்னேன். "அவ என்னை நம்பிச் சொன்னா. அவளை ஜெபம் பண்ணச் சொன்னது எனக்குப் பொறுக்கலை. அந்தப் பொறாமையிலதான் மைக்ல சொன்னேன். ஜெபம் இல்ல அது."

கன்னத்துல அறைவாவன்னு நின்னேன். அவிய அப்படியே தரையில உக்காந்துட்டாவ. "நானும்தாம்ட்டி செல்வி. வீட்டுக்கு வந்ததும், 'புருஷனை வச்சிக்கத் தெரியாதவளுக்கு இங்கன என்ன வேலை'ன்னு கேட்டுட்டேன்"னு விக்கி விக்கி அழுதாவ. அதுவரைக்கும் ஓடிப்போயிட்டா, ஓடிப்போயிட்டான்னு மட்டும்தான் சொல்லிட்டு இருந்தாவ. அழுது முடிச்சுட்டுத்தான் யோசிச்சுச் சொன்னாவ, "மணியாச்சியில அவளுக்கு ஒரு சித்தி உண்டும்."

என் வீட்டுக்காரவியளைக் கூப்பிட்டு பைக்ல கிளம்பினோம். தூறல் வேற. கடம்பூர் தாண்டினோம். ரோட்டுல எதிர்ல ஒரு ஆம்புலன்ஸ் போச்சு. நான் அவிய சட்டையை இறுக்கிப் பிடிச்சேன். "அதுல அவ இருக்க மாட்டா, நீ சும்மா வா"ன்னாவ.

மணியாச்சியில விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சோம். பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "அவிய தூத்துக்குடிக்குக் குடி போயி ஆறு மாசம் ஆச்சே. காலையிலயும் ஒரு பொண்ணு பிள்ளையோட வந்து கேட்டுச்சு. இல்லைன்னதும் ஸ்டேஷன் பக்கம் போச்சு"ன்னாரு.

ஸ்டேஷன்னு கேட்டதும் என் உயிரே போயிட்டு. பைக்ல சுத்திப் போகப் பொறுக்காம, குறுக்க காட்டு வழியா ஓடினேன். கரிசல் மண்ணு மழையில நனைஞ்சா செருப்பை விடுமா? ரெண்டும் சகதியில மாட்டிக்கிட்டு, விட்டுட்டு வெறுங்காலோட ஓடினேன். தூரத்துல ரயில் சத்தம் கேக்குது. "ஆண்டவரே, என் பேரு போட்டும், என் ஊழியம் போட்டும், அந்த ரெண்டு உயிரைக் குடுத்துரும்"னு கத்திக்கிட்டே ஓடுதேன். கூட்ஸ் வண்டி தடதடன்னு போச்சு. அது போய் முடியுத வரைக்கும் அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலை.

போன பிறகு தெரிஞ்சுச்சு. பிளாட்பாரக் கடைசியில, பெஞ்சுல ரூபி. மடியில ஜெனி. போன வண்டியைப் பாத்து அந்தப் பிள்ளை கையாட்டிட்டு இருக்கு.

ஸ்தோத்திரம்! தண்டவாளத்தை எப்படித் தாண்டினேன், எப்படிப் போனேன் தெரியாது. அவ காலைப் பிடிச்சிட்டேன். "எந்திரிங்கக்கா, ஆளுக பாக்காவ"ன்னா. நான் விடலை. அப்ப சொன்னா, "நீங்க எனக்காக ஜெபம் பண்ணாம இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்."

ஆமாட்டி, ஆமாட்டின்னு மட்டும் சொன்னேன். வசனம் ஒண்ணும் சொல்லலை. எதுக்குச் செஞ்சேன்னு உள்ளதைச் சொன்னேன். தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே அவ சொன்னா: "காலையில இருந்து நாலு ரயிலு போச்சுக்கா. ஒவ்வொண்ணு வரும்போதும் எந்திரிக்கணும்னு நினைப்பேன். இவ அதுக்குள்ள 'அம்மா, நீயும் டாட்டா சொல்லு'ம்பா. டாட்டா சொல்லி முடிக்கதுக்குள்ள வண்டி போயிரும்."

அந்த நாலு ரயிலுக்கும் அந்தப் பிள்ளை கையைத் தூக்க வச்சது யாரு? நான் வாயடைச்சு முழங்கால்ல கெடக்கும்போது, நான் கேக்கதுக்கு முந்தியே ஒருத்தர் அங்கன வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்காரு.

திரும்பும்போது என் வீட்டுக்காரவிய பைக்ல வர, நான் ரூபியையும் பிள்ளையையும் பஸ்ல கூட்டிட்டு வந்தேன். கடம்பூர்ல பஸ் நின்னப்ப பிள்ளைக்குப் போளி வாங்கிக் குடுத்தோம். ரூபி பாதி தின்னா. மாமியா வாசல்லயே நின்னு, "உள்ள வாம்மா"ன்னு சொன்னாவ.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே சனத்துக்கு முன்னால நின்னு என் பொறாமையை அறிக்கை பண்ணேன். ரெண்டு பேரு என்கூடப் பேசுததை நிறுத்திட்டாவ. மைக்கை பாஸ்டர்கிட்ட குடுத்துட்டு, கடைசி வரிசையில போய் உக்காந்தேன். மொத மாசம் கூசிச்சு. இப்ப அந்த இடம்தான் பிடிச்சிருக்கு. ரூபி புருஷன் இன்னும் வரலை. அதுக்காக நான் ஜெபிக்கேன், உதடு அசையாம. ரூபி ரொம்ப நாள் என் மூஞ்சியப் பாக்கலை. நானும் அவசரப்படுத்தலை.

போன மாசம் எனக்கு ஒரு பயம் வந்துச்சு. பெரிய பயம். வீட்டுக்காரவியகிட்டகூடச் சொல்ல முடியலை. வேலை முடிஞ்சு போகும்போது ரூபிகிட்ட சொன்னேன். அவ என்னையே பாத்தா. பிறகு என் ரெண்டு கையையும் பிடிச்சு, கண்ணை மூடினா. சத்தம் வரலை. முடிச்சுட்டு, "போங்கக்கா, சரியாயிரும்"னா. இன்னைக்கு வரைக்கும் அது என்னன்னு ஒரு உயிருக்குத் தெரியாது. அவ மாமியாவுக்கும் தெரியாது.

பிரியமானவங்களே, உங்க வாயால நொந்துபோன ஆளு யாரும் இருக்காவளா? முழங்கால் போடுததுக்கு முந்தி அவிய வீட்டுக்குப் போங்க. நான்தான்னு சொல்லுங்க. மத்ததை ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. நாளைக்குப் போவோம்னு மட்டும் இருக்காதீங்க. ஆண்டவர் நமக்காகக் காத்திருப்பாரு. அந்த ஆளால காத்திருக்க முடியுமான்னு நமக்குத் தெரியாது.