மகராசனுக்கு வைத்த பொங்கல்

“…அது ரத்தந்தானே டாக்டரய்யா, நான் கண்ணால பாத்தேன்ல!” என்றாள் அம்மா.

சின்ன வயதில் புற்றுநோய்க்கு எனக்கு என்ன மருந்து ஏற்றினார்கள் என்று டாக்டர் கேட்டிருந்தார். இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்க நெஞ்சில் தடவிய பசையின் குளிர் என்னை ஏழு வயதுக்கு இழுத்துப் போனது. மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் பஞ்சால் துடைக்கும்போதும் இப்படித்தான் சில்லிடும். பிறகு குழாயில் சிவப்பு இறங்கும். “யாரோ மகராசன் குடுத்த ரத்தம்டா” என்பாள் அம்மா. சிறுநீர் சிவப்பாகப் போனபோது, “ஏத்துனது பூராம் ஒழுகுதே!” என்று வார்டே திரும்பிப் பார்க்க அழுதாள். புற்றுநோய் போயிற்று. பேர் தெரியாத மகராசனுக்கு ஆடிதோறும் எங்கள் ஊர் ரெட்டியபட்டியில் பொங்கல் வைத்தாள்.

“ரத்தமில்லம்மா, அந்தச் சிவப்புதான் மருந்து. நோயை அழிச்சிரும். சிலருக்குப் பல வருசம் கழிச்சு இதயத்தைத் தளர்த்தும். இவருக்கு லேசாத் தெரியுது. இப்பவே பாத்ததால மாத்திரையில சமாளிக்கலாம்.”

கிணற்றுப் படியில் மூச்சிரைக்காமல் ஏறி இறங்கும் எனக்கா? ஒன்றும் விளங்கவில்லை.

“அப்பத் தொட்டிலையும் ஆட்டிட்டு, பிள்ளையையும் கிள்ளிருச்சா? இனிப் பொங்கலு வைக்கவா, வேணாமா?”

டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மெஷினைக் கும்பிடக் கை தூக்கியவள், பாதியில் நிறுத்தி, முந்தானையால் என் நெஞ்சுப் பசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.