இடுப்பளவுச் சுவர்

நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, சூரியன் இறங்கும் நேரத்தில், ஷோஷனா என் கையிலிருந்த துடைப்புத் துணியைப் பிடுங்கிக்கொண்டாள். எண்பத்து நான்கு வயதுக் கிழவி. நடக்க முடியாத அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டிப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். துணியைப் பிடுங்கியவள் சமையலறை விளக்கைக் காட்டினாள், அடுப்பைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், பிறகு இரண்டு கைகளையும் விரித்து “முடிந்தது” என்றாள். எனக்குத் தெரிந்த பத்து எபிரேய வார்த்தைகளில் அது ஒன்று. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அறைக்குள் போய், அவிழ்த்து நான்கு நாள்கூட ஆகாத பெட்டியில் சேலைகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஷோஷனாவின் மகள் யாயெல் வந்து பார்த்தபோது அழுதுகொண்டிருந்தேன். அவள் பதறி, பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் விளக்கினாள். சூரியன் இறங்கியதும் ஷபாத், ஓய்வுநாள். நாளை மாலைவரை வீட்டில் யாரும் வேலை செய்யக்கூடாது. அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன், நீயும் ஓய்ந்திரு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

எனக்கும் சேர்த்து எங்கே சொல்லியிருக்கிறது என்று என் தமிழ் வேதாகமத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். யாயெலுக்குத் தமிழ் தெரியாது. அதிகார எண்ணைச் சொன்னாள், நான் புரட்டினேன். பத்துக் கட்டளைகளில் நான்காவது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கடைசியில் உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். காரைக்குடியில் ஞாயிறு பள்ளியில் இதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். அந்த வரியில் இருக்கும் அந்நியன் யாரோ ஒருவன் என்றுதான் முப்பத்தைந்து வருடமாக எண்ணியிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த ஆள் நான்தான் என்று தெரிந்தது.

ஷோஷனாவின் வீட்டார் யூதர்கள். இயேசுவை மேசியா என்று நம்புகிறவர்கள். யெஷுவா என்று அவரைக் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை காலை ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள். தோராவில், அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களில், அந்த வாரத்துக்குரிய பகுதியை முதலில் வாசிப்பார்கள், பிறகு தீர்க்கதரிசிகள், பிறகு சுவிசேஷம். மரியாளும் பேதுருவும் ஓய்வுநாள் விளக்கேற்றிய ஆட்கள்தானே என்று யாயெல் கேட்டாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த இயேசுவுக்கு ஊர், சாதி, பண்டிகை எதுவும் கிடையாது. இவர்களுடைய இயேசு பஸ்கா பண்டிகைக்கு வீடு கூட்டுகிறவர். இதற்காக இவர்கள் படும் பாடும் உண்டு. நீங்கள் யூதர்களே இல்லை என்கிறார்கள் அக்கம்பக்கத்தார்; யாயெலின் கணவர் வீட்டார் பல வருடமாக அவள் கையால் தண்ணீர் குடித்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சபையாரோ, இன்னுமா சட்டத்துக்குள் கிடக்கிறீர்கள் என்று பரிதாபப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் வாசல் அடைத்த வீடு அது. அந்த வீடு எனக்குச் சீக்கிரமே பழகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தோராவுக்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று ஒருமுறை யாயெல் கேட்டாள். நியாயப்பிரமாணம் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்றாள். கோர்ட்டு, நீதிபதி, தண்டனை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுத் தன் வலது கையை நீட்டி, சுட்டுவிரலால் ஜன்னலுக்கு வெளியே தெரு முனையைக் காட்டினாள். “இதுதான் தோரா. வழி கேட்டவருக்குக் கை நீட்டிக் காட்டுவது.”

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆவணி மாதத்தில் தோராவின் கடைசிப் புத்தகமான உபாகமத்திலிருந்து ஒரு பகுதி வாசித்தார்கள். புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பு, யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிற சட்டம் அதில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சீனாய் மலையில் இடியும் நெருப்புமாக இறங்கிய கடவுள், மேஸ்திரி மாதிரி சுவர் அளவு சொல்கிறாரே என்று யாயெலிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அயலானை நேசி என்று யெஷுவா எடுத்துச் சொன்னதும் இந்தத் தோராவிலிருந்துதான். நேசம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று இங்கே இருக்கிறது. பழைய ரபிமார், எங்கள் வேத ஆசிரியர்கள், பத்துக் கைப்பிடி என்று அளந்து வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய உன் இடுப்பு உயரம்.” நான் தலையாட்டினேன். அதே வாரம் காரைக்குடியிலிருந்து என் தம்பி சாலமன் போன் செய்தான். தேவகோட்டை சாலையில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். கையிருப்புக்கு ஒரு வேலைதான் இப்போது முடியும், மேலே சுவரா, முன்கூடத்துத் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லா என்று கேட்டான். “கல்லப் போடு தம்பி, வர்றவக கண்ணுக்கு அதுதான் தெரியும். சுவர அடுத்த வருஷம் பாப்போம்” என்றேன். வாசித்துக் கேட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சித்திரையில் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தக்கா எங்கள் மாடியிலிருந்து விழுந்தாள். அவள் வீடு தகரக்கூரை என்பதால் வெயில் காலத்தில் மோர்மிளகாய் காயவைக்க எங்கள் மாடிக்குத்தான் வருவாள். காற்றில் பறந்த சாக்கைப் பிடிக்கப் பின்பக்கமாகக் காலை வைத்திருக்கிறாள். அங்கே தரை இல்லை. இடுப்பெலும்பு உடைந்து, மதுரையில் ஆபரேஷன். பெரும்பாலும் இங்கே போர்ச் சைரன் ஒலித்த செய்தி டிவியில் வந்தால்தான் என்னைக் கூப்பிடுகிற சாலமன், அன்று இதைச் சொல்லக் கூப்பிட்டான். “அந்தம்மா கவனமில்லாம விழுந்துருச்சுக்கா. நம்ம மேல தப்பில்ல. நீ ஒண்ணும் மனசப் போட்டு அலட்டிக்காத” என்றான். போனை வைத்துவிட்டு ஷோஷனாவுக்கு மத்தியானக் கஞ்சியைக் கலக்கிக்கொண்டு நின்றேன். யாயெலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கல் போடச் சொன்னதையும். அவள் எனக்கு எந்த வசனமும் சொல்லவில்லை. “எப்போது கிளம்புகிறாய்?” என்றுதான் கேட்டாள்.

ஊருக்கு வந்து இறங்கியதும் பெட்டியைக்கூடத் திறக்காமல் பஞ்சவர்ணத்தக்கா வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். மகள் முத்துலட்சுமி திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவு போட்டு வந்து, மறுநாள் திரும்ப வேண்டிய நிலையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அக்காவின் முதுகைப் புரட்டிப் பார்த்தேன். படுக்கைப்புண் ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் விமானத்தில் சேர்த்துவைத்திருந்த சொற்கள் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தன.

“அக்கா, சுவர் வேணாம், கல்லப் போடுன்னு சொன்னது நான். சாலமன் இல்ல. வேதத்துல சுவர் கட்டுன்னு படிச்சுக் கேட்டுட்டு, அதுக்கப்பறமும் சொன்னேன்.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். “சுவர் இல்லேங்கிறது எனக்குத் தெரியாதா? மாடி போட்ட நாள்லேருந்து அங்குட்டுத்தான ஏறி எறங்குறேன்” என்றாள். நான் அழ ஆரம்பித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தா ஆத்தா, எங்கிட்ட மன்னிப்பு வாங்க வந்தியா, மேலுக்கு ஊத்திவிட வந்தியா? பதினோரு நாளாச்சு, உடம்பு நாறுது. மொதல்ல தண்ணிய வையி.”

தண்ணீரை வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, ஷோஷனாவுக்குச் செய்வதுபோலவே ஒரு பக்கம் சாய்த்து, துணி நனைத்துத் துடைத்து, மறுபக்கம் சாய்த்து, அழுக்குத் துணியை உருவி, புதுத் துணியை விரித்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. முத்துலட்சுமி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “இத எங்க கத்துக்கிட்டீக அத்த?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் நானும் சாலமனும் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஒரு கிழவியின் மூத்திரத்துணியை அலசித்தான் அந்த மாடி எழும்பியது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. “இதுதான் அங்க என் வேலை” என்றேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் தெரிந்திருந்தது.

சாலமன் குமுறினான். “அங்க சம்பளத்துக்குச் செய்யிற, சரி. இங்க எதுக்குக்கா இந்த வேலை? ஒரு ஆள வச்சு விடுவோம்.” ஆள் கிடைக்கும்வரை என்றேன். ஆள் தேடச் சொல்லி அவனை விரட்டவும் இல்லை. ஆறு வாரம் தினமும் காலையிலும் மாலையிலும் போனேன். நான்காம் வாரம் வாக்கரைப் பிடித்து அக்காவை நிறுத்தினேன். வலியில் அவள் என் பரம்பரையையே திட்டித் தீர்த்தாள். ஒருநாள், நீ வணங்குற சாமி இதையெல்லாமா எழுதி வச்சிருக்கு என்று கேட்டாள். மாட்டைத் தொலைத்தவனுக்கு அதைப் பிடித்துக் கொடு, குருடன் வழியில் கல்லை வைக்காதே, அறுத்த வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். “இதச் சொல்ல ஒரு சாமி வேணுமா?” என்றாள் முதலில். பிறகு அவளே, “வேணுந்தேன். சொன்னாலே கேக்க மாட்டேங்கிறோமே” என்றாள்.

இதற்குள் எங்கள் சபைப் பாஸ்டர் என்னைப் பார்க்க வந்திருந்தார். நல்ல மனிதர், என் அப்பாவை அடக்கம் செய்தவர். காபியை ஆற்றிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

“சனிக்கெழம ஓய்வு நாள்னு இருக்கீகளாமே?”

“ஓய்ஞ்சு இருன்னு சொன்னா யாரு ஐயா வேணாம்பாக?”

சிரித்தார். ஆனால் விடவில்லை. “கிருபைக்குள்ள வந்தவக, திரும்ப நுகத்தடியில கழுத்த நீட்டிறக் கூடாதும்மா. அதுக்காகத்தான சொல்றேன்.” அந்தக் கவலை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மனிதரை விட்டுவிடுகிறவர்களை அங்கேயும் பார்த்திருக்கிறேன். இரட்சிப்பு சுவர் கட்டி வாங்குகிற பொருளில்லை என்றுதான் யாயெலின் சபையும் சொல்கிறது. இதையெல்லாம் அவரிடம் வாதாட எனக்குப் படிப்பு போதாது. ஞாயிறு அன்று பரிசுத்த தேசத்து அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை எல்லோரும் கலிலேயாக் கடலையும் ஒலிவமலையையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உபாகமத்தைத் திறந்து அந்த ஒரு வசனத்தை வாசித்தேன். கல்லா சுவரா என்று தம்பி கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், பஞ்சவர்ணத்தக்காவின் இடுப்பையும் சொன்னேன். என் வேலை என்ன என்பதையும் சொன்னேன். மூன்று நிமிடம் இருக்கும். யாரும் ஆமென் சொல்லவில்லை. வாசலில் பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனையோ தடவ வாசிச்ச வசனம்மா. கட்டடக்காரவுகளுக்குச் சொன்னதுன்னு தாண்டிப் போயிருவேன்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சாலமன் வெடித்தான். “ஊரக் கூட்டி நம்ம தலையில நம்மளே மண்ணள்ளிப் போடணுமாக்கா? நான் உன்னையக் காப்பாத்தத்தான அத்தன பேருகிட்டயும் அந்தம்மா தப்புன்னு சொன்னேன்?” அவன் சொன்னது உண்மை. என்மேல் உள்ள பாசத்தில்தான் நொறுங்கிக் கிடந்த ஒருத்திமேல் பழியைப் போட்டிருந்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வாசலில் செங்கல் வந்து இறங்கியது. மேஸ்திரி உயரம் கேட்டபோது அவன் என்னிடம் வரவில்லை. பஞ்சவர்ணத்தக்காவிடம் போயிருக்கிறான். “எவ்வளவு ஒசரம் வைக்கட்டும்னு கேட்டு நிக்கிறான் ஒந்தம்பி” என்று அவளே சொன்னாள். “மொளகாய் காயணும், வெயில மறைக்காம வையின்னேன்.” அவன் கேட்ட விதத்தைச் சொல்லும்போது அவள் முகத்தில் முதல்முறையாக வலி இல்லை.

சுவர் பூச்சு காய்வதற்குள் என் விடுப்பு முடிந்தது. வாக்கரைப் பிடித்துத் தன் வாசல்வரை நடந்து வந்துதான் அக்கா என்னை அனுப்பினாள். அவளால் இனி மாடி ஏற முடியாது. அதை நான் எதைக் கட்டியும் சரிசெய்ய முடியாது.

ஐப்பசி பிறக்கும் முன் இங்கே சுக்கோத் பண்டிகை வந்தது. வனாந்தரத்தில் நாற்பது வருடம் அலைந்த முன்னோரை நினைத்து ஏழு நாள் பந்தலில் உண்பார்கள். யாயெலின் தோட்டத்தில் பேரீச்சை ஓலையால் கூரை வேயும் வேலை எனக்கு வந்தது. முள் குத்தினாலும் ஊர்ப் பந்தலைப்போல நெருக்கி நெருக்கி முடைந்தேன். பாதி முடித்திருந்தபோது சக்கர நாற்காலியிலிருந்து ஷோஷனா கத்தினாள். “இடைவெளி விடு! வானம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அது வீடாகிவிடும்.” அந்நேரம் பார்த்துப் பஞ்சவர்ணத்தக்கா வீடியோவில் வந்தாள். போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினேன். “என்னாத்தா, இப்புடி ஓட்டை ஓட்டையா வேயிறாக? மழை வந்தா ஒழுகாதா? இங்குட்டு இழுத்து இறுக்கிக் கட்டச் சொல்லு” என்றாள். இருவருக்கும் சரி என்றேன், ஒருத்திக்கு எபிரேயத்தில், ஒருத்திக்குத் தமிழில். அன்று மாலை அந்தப் பந்தலில் ஒரு பாதிக்குக் கீழே நல்ல நிழல் இருந்தது, மறு பாதியில் வானம் தெரிந்தது. என் நாற்காலியை இரண்டுக்கும் நடுவில் போட்டிருந்தார்கள்.